எண் தெரியும், ஆள் தெரியாது: சோழவரம் பந்தயப் படங்களை வாசித்தல்

பழைய சோழவரம் ரேஸ் படம் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது காரின் எண். தூரத்திலிருந்தே வாசிக்கும்படி பெரிதாக எழுதியிருப்பார்கள். ஓட்டுநரின் முகம் ஹெல்மெட்டுக்கும் கண்ணாடிக்கும் பின்னால் மறைந்திருக்கும். கார் என்ன ரகம் என்பதும் எளிதில் பிடிபடாது. அது எந்தத் தொழிற்சாலையும் பெயர் வைத்து விற்ற கார் அல்ல, யாரோ ஒரு பட்டறையில் கட்டிய கார். படத்தைத் திருப்பினால் ஒரு ஸ்டூடியோ முத்திரை இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பென்சிலில் ஓர் ஆண்டு. ஆகவே எல்லோரும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஆளைத் தேடப் போகிறார்கள். பெரும்பாலான பிழைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

எண் காருக்கும் சொந்தமில்லை, ஆளுக்கும் சொந்தமில்லை. அது அந்த நாளுக்குச் சொந்தம்.

சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரு விமான ஓடுதளம் அமைந்தது. போர் முடிந்து விமானங்கள் போன பிறகு மிஞ்சிய அந்தத் தளத்தைப் பந்தயத்துக்குப் பயன்படுத்தியது 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். கல்கத்தாவில் பாரக்பூர், பம்பாயில் ஜுஹு என்று அந்தக் காலத்து இந்தியப் பந்தயங்கள் பலவும் விமானத் தளங்களில்தான் நடந்தன. சோழவரத்தில் பெரும்பாலும் பிப்ரவரி மாதம் ரேஸ் இருக்கும். மொபெட், ஸ்கூட்டர், புல்லட், சாலையில் ஓடும் கார், தனி இருக்கைப் பந்தயக் கார் என்று ஒரே தளத்தில் அடுத்தடுத்து ஓடும். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப் தனக்கென ஓர் ஓடுபாதையை அமைத்து 1990-ல் திறந்தபோது சோழவரத்தின் காலம் முடிந்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுப் பந்தய வாழ்க்கை இன்று வீட்டு ஆல்பங்களிலும் பத்திரிகைப் பக்கங்களிலும் சிதறிக் கிடக்கிறது.

படத்தை வைத்துக் காரையும் ஆளையும் அடையாளம் காணும் இந்தச் சிக்கலை நமக்கு முன்பே பெரிய அளவில் சந்தித்தவர்கள் அமெரிக்காவின் மிட்ஜெட் கார் பந்தய ரசிகர்கள். மிட்ஜெட் என்பது குட்டையான, திறந்த சக்கரங்கள் கொண்ட, ஒருவர் மட்டும் அமரும் சிறு பந்தயக் கார். 1933 ஜூன் 4-ல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில், ஹியூஸ் ஸ்டேடியத்தில் நடந்ததுதான் முறைப்படி நடந்த முதல் மிட்ஜெட் பந்தயம் என்று கருதப்படுகிறது. அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சலஸில் கில்மோர் ஸ்டேடியம் எழுந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் இந்த விளையாட்டு பரவியது. பின்னாளில் மூன்று முறை உலக சாம்பியனான ஜாக் பிரபாம் 1948-ல் சிட்னியில் இத்தகைய காரில்தான் பந்தயத்தைத் தொடங்கினார். ஃபிராங்க் கர்டிஸ் என்பவரின் பட்டறையிலிருந்து மட்டும் சுமார் 550 மிட்ஜெட்கள் முழுதாக ஓடும் நிலையில் வெளிவந்தன. உதிரிகளாக விற்கப்பட்டு வாங்கியவர்கள் பூட்டிக்கொண்டவை அதைவிட அதிகம். ஒரே அச்சில் வார்த்த கார்கள் கைமாறின, சாயம் மாறின, என்ஜின் மாறின. ஒரு படத்தில் கர்டிஸ் காரைக் கண்டுபிடிப்பது எளிது. அது எந்தக் கர்டிஸ், யாருடையது, யார் ஓட்டியது என்பதுதான் கடினம்.

சோழவரத்தில் நிலைமை நேர் எதிர். விடுதலைக்குப் பிறகு வெளிநாட்டுக் கார் இறக்குமதி இறுகியது. இந்தியாவில் கார்களைப் பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1950களின் நடுவில் கடையைக் கட்டின. மிஞ்சியவை அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் என்ற மூன்று குடும்பங்கள். பந்தயக் கார் வேண்டும் என்றால் மன்னர் குடும்பமாகவோ பெரும் தொழில் குடும்பமாகவோ இருக்க வேண்டும், இல்லையென்றால் இந்த மூன்றிலிருந்து உறுப்புகளை எடுத்துத் தானே கட்ட வேண்டும். அப்படிக் கட்டிய கார்களை ‘ஸ்பெஷல்’ என்றார்கள். ஒவ்வொரு ஸ்பெஷலும் ஒற்றைப் பிறவி. படத்தில் ஒரு ஸ்பெஷலைச் சரியாக இனம் கண்டுவிட்டால், அதைக் கட்டிய மெக்கானிக்கின் பட்டறை வாசல்வரை போய்விடலாம். இங்கே காரின் அடையாளம் ஒரு மனிதரின் அடையாளமும் ஆகும். சோழவரம் படங்களுக்கு இருக்கும் தனி மதிப்பே இதுதான்.

வேலையைத் தொடங்கும்போது மூன்று கேள்விகளையும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது: இது என்ன கார், இது எந்த நாள், இது யார்? மூன்றுக்கும் சாட்சிகள் வேறு வேறு. ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை இன்னொன்றுக்குக் கடன் கொடுத்தால் எல்லாம் குழம்பும். ‘இது இன்னாருடைய கார், எனவே ஓட்டுவது அவர்தான்’ என்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஒரே நாளில் ஒரு காரை ஒரு பந்தயத்தில் உரிமையாளரும் அடுத்ததில் நண்பரும் ஓட்டுவது வழக்கத்துக்கு மாறானதல்ல.

முதலில் கார். மேற்கூட்டை யார் வேண்டுமானாலும் தகடு தட்டி மாற்றலாம்; அதனால் கண் கீழே போக வேண்டும். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டைக் கவனியுங்கள். அது இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். அக்காலத்துக் கார்கள் பலவும் உடலும் சட்டகமும் ஒன்றாக இணைந்தவையாக மாறிவிட்ட பிறகும் ஹெரால்டுக்குத் தனிச் சட்டகம் இருந்தது. மேற்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதே சட்டகத்தின் மேல் இலேசான உடலைப் பொருத்தலாம். பின் சக்கரங்கள் தனித்தனியே ஆடும் அச்சில் நிற்பதால், வேகமாகத் திரும்பும்போது அவை செங்குத்தாக நிற்காமல் உள்பக்கம் மடங்கிச் சாயும். ஃபியட்டிலும் அம்பாசிடரிலும் பின் அச்சு ஒரே தண்டு. அங்கே இந்தச் சாய்வு இருக்காது. திருப்பத்தில் எடுத்த படத்தில் பின் சக்கரம் கோணலாக நின்றால், வெளியே எந்த உடல் இருந்தாலும் உள்ளே ஹெரால்டின் எலும்பு இருக்க வாய்ப்பு அதிகம். பிட்டில், அதாவது கார்களைச் சரிசெய்யும் இடத்தில், நிறுத்திவைத்த படத்தில் பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்திருந்தால் அதுவும் ஹெரால்டின் கைரேகைதான்.

மற்ற இரண்டு குடும்பங்களுக்கும் இப்படிச் சில குறிகள் உண்டு. பழைய ஃபியட் 1100-ல் முன்கதவின் கீல் பின்பக்கம் இருக்கும், கதவு காற்றை எதிர்த்துத் திறக்கும். பிந்தைய மாடல்களில் கீல் முன்பக்கம் போய்விட்டது. அம்பாசிடரை முன் கிரில்லை வைத்துப் பிரிக்கலாம்: 1960களின் தொடக்கத்தில் வந்த மார்க் 2, 1975-ல் வந்த மார்க் 3, 1979-ல் வந்த மார்க் 4 என்று முகம் மாறிக்கொண்டே வந்தது. 1980களில் பெங்களூரிலிருந்து வந்த சிபானி நிறுவனத்தின் டால்ஃபின், கண்ணாடி இழை உடல் கொண்ட இரண்டு கதவுக் கார். உருவத்தில் சிறியது, எடையில் குறைந்தது, பார்த்தவுடன் தெரியும்.

1980களின் இறுதியில் கதை தலைகீழானது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ்.கரிவரதன், மாருதி 800-ன் 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜினை வைத்துத் தனி இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. அமெரிக்க மிட்ஜெட்டுக்கு இந்தியாவில் உறவு தேட வேண்டும் என்றால் அளவிலும் நோக்கத்திலும் இதுவே மிக நெருங்கியது: சிறியது, மலிவானது, ஏராளமான இளைஞர்களைப் பந்தயத்துக்குள் கொண்டுவந்தது. நரேன் கார்த்திகேயனின் தொடக்கமும் இதில்தான். ஆனால் அடையாளம் காண்பவருக்கு இது கர்டிஸ் மிட்ஜெட்டின் சிக்கலையே திரும்பக் கொண்டுவருகிறது. வரிசையில் நிற்கும் அத்தனையும் ஒரே கார். ஸ்பெஷல்களில் ஆளைவிடக் கார் தெளிவாகப் பேசும். ஃபார்முலா மாருதியில் கார் வாய் திறக்காது, ஹெல்மெட்டின் வண்ணமும் விளம்பர எழுத்தும் எண்ணும்தான் பேசும். கரிவரதன் 1995-ல் சிறுவிமான விபத்தில் இறந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அடுத்த கேள்வி நாள். அரசர் பெயர் இல்லாத கல்வெட்டை எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் கணிக்கும் கல்வெட்டாய்வாளரின் முறைதான் இங்கும் உதவும். அடிப்படை ஒன்றே: படத்தில் இருப்பவற்றில் எது மிகப் புதியதோ, அதைவிடப் படம் பழையதாக இருக்க முடியாது. ஓட்டுநரின் ஹெல்மெட் முழு முகத்தையும் மூடியிருந்தால் படம் 1968-க்குப் பிந்தையது. கார் பந்தயத்துக்கான முழு முக ஹெல்மெட்டை அமெரிக்காவின் பெல் நிறுவனம் அந்த ஆண்டில்தான் கொண்டுவந்தது. பந்தயக் காரின் முதுகில் காற்றை அழுத்தும் உயரமான சிறகு இருந்தாலும் அதே காலம்தான். ஃபார்முலா ஒன்றிலேயே அது 1968-ல்தான் வந்தது.

ஆனால் இவை கீழ் எல்லைகள் மட்டுமே. ஐரோப்பியப் பந்தய வரலாற்று அட்டவணையை அப்படியே சோழவரத்தின் மேல் வைத்துப் பார்ப்பவர் ஏமாறுவார். அங்கே ஒரு கார் பழையதாகி விற்பனைக்கு வந்த பிறகுதான் இங்கே வரும்; வந்த பிறகு ஆண்டுக்கணக்கில் ஓடும். பிரிட்டனின் என்சைன் அணி 1973 முதல் 1982 வரை ஃபார்முலா ஒன்றில் இருந்தது. அந்த அணியின் கார் ஒன்றை விஜய் மல்லையா 1980களின் தொடக்கத்தில் சோழவரத்தில் ஓட்டினார். அந்தப் படத்தைப் பார்த்துக் காரின் மாடலை மட்டும் வைத்து ஆண்டு எழுதினால், சோழவரத்தின் காலக்கணக்கு சில ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும்.

மேல் எல்லைக்குப் பின்னணியைத்தான் நம்ப வேண்டும். ஓடுதளம் மட்டமான வெளி. மலை இல்லை, கட்டடம் இல்லை. அதனால் விளம்பரப் பலகைகளே ஊர்க்குறியும் நாட்குறியும் ஆகின்றன. எஸ்ஸோ நிறுவனத்தின் இந்தியத் தொழில் 1974-ல் இந்துஸ்தான் பெட்ரோலியமாக மாறியது. பர்மா ஷெல் 1976-ல் அரசுடைமையாகி, 1977 முதல் பாரத் பெட்ரோலியம் என்ற பெயரைப் பெற்றது. இந்தப் பழைய பெயர்கள் புதிய பலகையில் பளிச்சென்று தெரிந்தால் படம் அந்த ஆண்டுகளுக்கு முந்தையது என்று பெரும்பாலும் கொள்ளலாம். டயரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் எம்ஆர்எஃப்-ன் பலசாலி 1964-ல் பிறந்தவர். அவர் தெரிகிற படம் அதற்குப் பிந்தையது.

சாலைக் கார்களை வீட்டிலிருந்து ஓட்டிவந்து, பந்தயத்தில் ஓட்டி, அதே காரில் திரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய நம்பர் பிளேட் ஒரு கொடை. 1969 ஜனவரியில் மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆன பிறகு பதிவு எழுத்துகளும் மாறின. அதுவரை ‘எம்’மில் தொடங்கியவை ‘டி’யில் தொடங்கலாயின, எம்.ஜி.ஆரின் அம்பாசிடர் டிஎம்எக்ஸ் 4777 பலருக்கும் நினைவிருக்கும். 1989-க்குப் பிறகு இன்றைய டிஎன் எண்கள் வந்தன. பிளேட்டின் எழுத்துகளே காலப்பகுதியைச் சொல்லிவிடும். கார் பழையது, படம் புதியது என்ற வாய்ப்பு மட்டும் எப்போதும் உண்டு.

இலங்கைப் படங்களில் இந்தச் சாட்சி இன்னும் கூர்மையானது. களுத்துறை அருகே கட்டுக்குருந்தவில் பிரிட்டிஷ் கடற்படை போர்க்காலத்தில் அமைத்த விமானத்தளம் சோழவரம் போலவே பந்தயக் களமானது. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயமோ 1934-லேயே தொடங்கிவிட்டது. 1957 தொடக்கத்திலிருந்து அங்கே புதிய வாகன எண்களில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இடம்பெற்றது. அதை எதிர்த்துத் தமிழர் பகுதிகளில் போராட்டம் எழுந்தது. 1958 கலவரத்தின் பின்னணியில் அதுவும் ஒன்று. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உண்டு. அங்குள்ள ஒரு முதியவரிடம் அத்தகைய படத்தைக் காட்டினால், காரைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்த எழுத்தை வைத்து அவர் காலத்தைச் சொல்லிவிடக்கூடும். பந்தயப் படத்துக்குச் சாட்சி சொல்பவர் பந்தய ரசிகராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

படம் அச்சான பொருளும் பேசும். உதகமண்டலத்தின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் நிறுவப்பட்டு 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது; அதன் முத்திரைப் பெயர் ‘இந்து’. பிலிம் ஓரத்திலோ தாளின் பின்பக்கத்திலோ அந்தப் பெயர் இருந்தால் 1967-க்கு முன்பு போகவே முடியாது. பழைய நெகட்டிவிலிருந்து பிற்காலத்தில் எடுத்த பிரதியாக இருக்கலாம் என்பதால் தாளைவிட நெகட்டிவின் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

நெகட்டிவைப் புரட்டிப் போட்டு அச்சிட்ட படங்கள் இன்னொரு பொறி. எண் தெரிந்தால் உடனே பிடிபடும். தெரியாத படத்தில் ஸ்டீரிங் இடப்பக்கம் இருந்தால், ‘வெளிநாட்டுக் கார்’ என்று எழுதும் முன் அருகில் நிற்கும் ஆணின் சட்டையைப் பார்க்க வேண்டும். பொத்தான் பட்டி இடம் வலமாகத் தலைகீழாக இருந்தால் கார் உள்ளூர்க் காராகவே இருக்கலாம், படம்தான் திரும்பியிருக்கிறது.

வீட்டுப் படங்கள் பலவும் நிற்கும் கார்களின் படங்களாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அக்காலத்தில் நடுத்தர வீடுகளில் இருந்த அக்ஃபா கிளிக் போன்ற எளிய கேமராக்களில் ஷட்டர் வேகத்தை மாற்றும் வசதி கிடையாது. விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டர் திறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் போகும் கார் அதற்குள் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். படம் தேய்ந்துபோகும். அதனால் அமெச்சூர்கள் பிட்டில் எடுத்தார்கள், பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் தளத்தின் ஓரத்தில் எடுத்தார்கள். முதல் வகையில் முகம் கிடைக்கும், பந்தயம் தெரியாது. இரண்டாவதில் பந்தயம் கிடைக்கும், முகம் தெரியாது. ஒரே நாளின் இரண்டு வகைப் படங்களையும் பக்கத்தில் வைக்கும்போதுதான் ஆள் வெளிப்படுவார்.

அந்த மூன்றாம் கேள்விக்கு, யார் என்பதற்கு, எண் கடைசியில்தான் வர வேண்டும். நாள் உறுதியான பிறகு அந்த நாளின் நிகழ்ச்சி நிரலைத் தேடலாம். எந்தப் பந்தயத்தில் எந்த எண் யாருக்கு என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். நிரல் கிடைக்காவிட்டால் ‘தி இந்து’, 1981 வரை வெளிவந்த ‘தி மெயில்’, 1968 வரை வந்த ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’, 1978-ல் தொடங்கிய ‘ஸ்போர்ட்ஸ்டார்’ ஆகியவற்றின் பந்தயச் செய்திகள் இருக்கின்றன. நிழலும் உதவும். பிப்ரவரி நடுவில் சோழவரத்தில் உச்சி வேளையில் ஒரு மனிதரின் நிழல் அவர் உயரத்தில் ஏறக்குறைய பாதி இருக்கும். அதைவிட நீண்ட நிழல் என்றால் காலை அல்லது மாலைப் பந்தயம். நிரலில் பத்துப் பந்தயங்கள் இருந்தால் அவற்றில் பாதியை இப்படியே விலக்கிவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டாக இப்படி ஒரு படத்தை மனதில் கொள்வோம். தகடு தட்டிய உடல். திருப்பத்தில் பின் சக்கரம் உள்மடங்கியிருக்கிறது. ஓட்டுநர் திறந்த முக ஹெல்மெட். பின்னால் எஸ்ஸோ பலகை. நெகட்டிவ் ஓரத்தில் ‘இந்து’. கார், ஹெரால்டு உறுப்புகளில் கட்டிய ஸ்பெஷல். காலம், 1967-க்கும் 1974-க்கும் இடையே. ஹெல்மெட் இங்கே எதையும் கூடுதலாகச் சொல்லவில்லை, ஏனென்றால் திறந்த முக ஹெல்மெட் 1968-க்குப் பிறகும் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. எண்ணைத் தொடாமலேயே ஏழு ஆண்டுகளுக்குள் வந்துவிட்டோம். இப்போது அந்த ஏழு பிப்ரவரிகளின் செய்திகளை எண்ணோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று பெயர்கள் மிஞ்சும். அதன் பிறகுதான் நேரில் கண்டவர்களிடம் போக வேண்டும்.

போகும்போது கேட்கும் விதம் முக்கியம். ‘இது இன்னார்தானே ஐயா?’ என்று கேட்டால் பெரியவர்கள் மரியாதைக்காகவே ஆமாம் என்பார்கள். படத்தை மட்டும் கையில் கொடுத்து, பேசாமல் இருந்து, அவர் எங்கே விரல் வைக்கிறார் என்று பார்க்க வேண்டும். பலரும் ஓட்டுநரைவிட முன்னதாகக் காருக்குப் பக்கத்தில் குனிந்திருப்பவரைச் சொல்வார்கள்: ‘இவர்தான் என்ஜின் இறக்கினவர்.’ அந்தச் சொல்லை நழுவ விடக்கூடாது. கோண்டல் மன்னர் குடும்பத்தின் ஜோதேந்திரசிங்ஜி, மல்லையா, கரிவரதன் ஆகியோரின் பெயர்களைச் செய்தித்தாள்களே காத்துக்கொள்ளும். ஸ்பானர் பிடித்த கையின் பெயர் செய்திகளில் அரிதாகவே வரும். இறக்குமதி இல்லாத ஒரு நாட்டில் மூன்று குடும்பக் கார்களிலிருந்து பந்தயக் கார்களைப் பிறப்பித்தவர்கள் அவர்கள். அவர்கள் இருந்ததற்கான சாட்சி பல நேரங்களில் இந்தப் படங்கள் மட்டுமே.

படங்களோ காத்திருக்கும் நிலையில் இல்லை. சென்னை முதல் மரக்காணம், கீழ்புத்துப்பட்டு, புதுச்சேரி வரையிலான கடலோர வீடுகளில் காற்று ஆண்டு முழுவதும் ஈரம் சுமந்தது. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் படத்தின் ஜெலட்டின் படலம் அந்த ஈரத்தில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்; ஆல்பத்தில் பூஞ்சை முகத்தின் மேல்தான் முதலில் படர்ந்தது போலத் தோன்றும். ஒட்டிய படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்வது பாதுகாப்பானது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களை எண்மமாக்கியது. குடும்பப் படங்களுக்குச் செய்ய முடிந்தது பந்தயப் படங்களுக்கும் முடியும்.

அதற்கான பட்டியல் எளிமையானது. ஒவ்வொரு படத்துக்கும் கார், நாள், ஓட்டுநர், கட்டியவர் என்று நான்கு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் விடையோடு அதன் தரமும் இருக்க வேண்டும்: உறுதி, பெரும்பாலும், ஊகம். யார் சொன்னார், எதைப் பார்த்துச் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதும் சேர வேண்டும், அடுத்து வருபவர் சரிபார்க்க அதுவே வழி. விடை இல்லாத கட்டம் காலியாகவே இருக்கட்டும். தவறான பெயர் ஒருமுறை ஏறிவிட்டால் அடுத்த பத்துப் பிரசுரங்களில் அதுவே நகலாகும். சோழவரத்தில் இருபது வயதில் கொடி பிடித்த மார்ஷல்களில் 1960களின் ஆட்கள் எண்பதை நெருங்கிவிட்டார்கள், 1980களின் ஆட்கள் அறுபதைத் தொடுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஒவ்வொரு பந்தயப் பருவத்திலும் ஒரு நாள் அவர்களையும் பழைய மெக்கானிக்குகளையும் அழைத்து, ஆல்பங்களை மேசையில் விரித்து, ‘கட்டியவர்’ என்ற கட்டத்திலிருந்து தொடங்கலாம்.